எதிரி இல்லாத இடத்தில் ஒரு வீரம்: சுபேதார் சுப்பிரமணியனும் நம் நடுகற்களும்

நீண்ட பதிவு. நேரமும் பொறுமையும் உள்ள நண்பர்கள் படிக்க.

குமுளியிலிருந்து மலைச்சாலையில் இறங்கினால் லோயர் கேம்ப். அங்கே கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 15ஆம் நாள், அவர் பிறந்த நாளில், கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் அவர் சிலை முன் பொங்கலிடுகின்றனர். பிள்ளைகளுக்கு அவர் பெயரை இட்ட குடும்பங்களும் இப்பக்கத்தில் உண்டு. எல்லை வட்டாரத் தமிழ் குறித்த களப்பணிக்காக நான் அடிக்கடி கடந்து செல்லும் இடம் அது. அண்மையில் என்னுடன் வந்த இளங்கலை மாணவர் ஒருவர் அம்மண்டபத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எங்கிருந்தோ வந்த பட்டாளத்துக்காரருக்கு நாம பொங்கல் வைக்கிறோம். நம்மாளு ஒருத்தர் இப்படி வெளிநாட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுப் பெரிய பதக்கம் வாங்கினது உண்டா அக்கா?”

உண்டு என்றேன். பெயரையும் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. வரலாற்றுத் துறை மாணவர் என்பதால் எனக்குச் சற்று வருத்தம். ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்பெயரை எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. படைத்தரப் பெயர்களின் சொற்பிறப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தற்செயலாக எதிர்ப்பட்டதுதான். அந்த மாணவருக்கு வழியிலேயே சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

விடையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்தானியப் பேரரசின் மிக உயர்ந்த போர்க்கள விருது விக்டோரியா கிராஸ். 1856இல் நிறுவப்பட்ட அவ்விருது இந்தியச் சிப்பாய்களுக்கு 1911இல்தான் திறந்துவிடப்பட்டது. முதல் உலகப் போரிலும் இரண்டாம் உலகப் போரிலும் அதைப் பெற்ற இந்தியர் பட்டியலில் மதராஸ் மாகாணத்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அதற்கு நிகரான மற்றோர் உயர்விருது உண்டு: ஜார்ஜ் கிராஸ். 1940 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அதை நிறுவினார். அவ்விருதுக்குத் தேர்வான முதல் இந்தியர் ஒரு தமிழர். செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். விக்டோரியா அரசியின் பெயர் தாங்கிய மதராஸ் சேப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையின் 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் பணியாற்றியவர்.

முதல் பட்டியலில் ஒருவரும் இல்லாமையும் இரண்டாவதன் தலைப்பில் ஒருவர் இருப்பதும் தனித்தனிச் செய்திகள் அல்ல. இரண்டுக்கும் பின்னால் ஒரே வரலாறு நிற்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் படைத்தலைமை ‘போர்க்குடிகள்’ என்றொரு கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டது. சில இனத்தார் பிறப்பிலேயே போருக்கு ஏற்றவர், சிலர் அல்லர் என்பது அதன் சாரம். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமை வகித்த ராபர்ட்ஸ் இக்கோட்பாட்டின் முதன்மையான குரல். நெடுங்கால அமைதியில் தென்னாட்டார் தம் போர்க்குணத்தை இழந்துவிட்டனர் என்பது அவர் கருத்து. ஆர்க்காட்டிலும் மைசூரிலும் கும்பினிக்காகப் போரிட்ட சிப்பாய்களின் பேரர்கள், போருக்கு உதவாதவர் என்று ஏட்டில் எழுதப்பட்டனர். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920களின் இறுதிக்குள் எஞ்சியவையும் கலைக்கப்பட்டன. மதராஸ் பயனீர் படையும் 1930களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பின்னரே மதராஸ் காலாட்படைக்கு மீண்டும் உயிர் கிடைத்தது.

இக்கழித்தலில் தப்பியது சேப்பர் படை. 1780இல் இரு பயனீர் கம்பெனிகளாகத் தொடங்கியது அது. 1834 முதல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கோட்டைச் சுவருக்கடியில் சுரங்கம் தோண்டுவது, குடிநீருக்கு வழி செய்வது ஆகியவை இப்படையினரின் வேலை. 1868இல் அபிசீனியா வரை சென்று வந்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் இப்படையில் நெடுங்காலம் பெரும் பங்கு வகித்தனர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘போர்க்குடி’ என்ற சொல்லாடல் ஒருவகையில் சாதியைப் பற்றிய சொல்லாடலும்கூட. போருக்கு உதவாதவர் என்று சொல்லப்பட்டவரின் கையில் துப்பாக்கியோடு மண்வெட்டியும் இருந்ததால் அவரை விலக்க முடியவில்லை. மண்வெட்டி இல்லாமல் எந்தப் போரும் நடவாது.

குமுளிக்காரர் இதை அறிவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பெரியாற்றின் குறுக்கே அணை எழும்பியபோது மதராஸ் பயனீர் படையின் முதலாம், நான்காம் பட்டாலியன்களைச் சேர்ந்தவர்கள் அங்கே உழைத்தனர். கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும் உடன் இருந்தனர். காட்டுக் காய்ச்சலும் ஆற்று வெள்ளமும் பலரைக் கொண்டுபோயின. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைக்க, சுரங்கத்தின் வழியே தண்ணீர் இப்பக்கம் திரும்பியது. பென்னிகுவிக்கை நாம் மறக்கவில்லை, அது நன்று. அவருடைய தந்தை பிரிகேடியர் பென்னிகுவிக்கும், பதினேழு வயதே ஆன அண்ணன் அலெக்சாண்டரும் 1849 ஜனவரி 13ஆம் நாள் சில்லியன்வாலாவில், சீக்கியருக்கு எதிரான போரில், ஒரே நாளில் இறந்தவர்கள். அயல் மண்ணில் போரிட்டு மடிந்தோரின் குடும்பம் அது. ஆனால் அணைக்காக இறந்த பயனீர் சிப்பாய் ஒருவரின் பெயரையேனும் நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? எதிரி இல்லாத இடத்தில் இறந்த சிப்பாய்க்கு நினைவில் இடம் கிடைப்பது அரிது. சுப்பிரமணியனின் கதையிலும் இதுவே சிக்கல்.

இனி இத்தாலிக்கு வருவோம்.

நான்காம் இந்திய டிவிசன் எரித்திரியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் போரிட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தது. அதன் பொறியியல் பிரிவுகளுள் ஒன்று 11ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 15ஆம் நாள் மோண்டே காசினோ மடாலயம் வானிலிருந்து குண்டு வீசித் தகர்க்கப்பட்டது. அடுத்து வந்த இரவுகளில் ராஜபுதனத்தாரும் கூர்க்கர்களும் அம்மலை மீது ஏறிப் பெரும் இழப்புடன் திரும்பினர். அடுத்த தாக்குதல் மழையால் ஒத்திவைக்கப்பட்டு மார்ச் 15ஆம் நாளே நிகழ்ந்தது. போர் வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை இடைப்பட்ட அந்த மூன்று வாரங்களைச் சேறு, மழை, காத்திருப்பு என்று ஒரு பத்தியில் கடந்துவிடும். பிப்ரவரி 24 அந்தக் காத்திருப்புக்குள் வரும் ஒரு நாள்.

மின்யானோ, காசினோவுக்குத் தெற்கே ஆறாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். 1943 இறுதியில் அவ்வட்டாரத்தில் கடும் போர் நடந்து ஜெர்மானியர் பின்வாங்கிவிட்டனர். ஆகவே 1944 பிப்ரவரியில் அது போர்முனைக்குப் பின்னால் இருந்த ஊர். எதிரி போய்விட்டான், அவன் புதைத்தவை போகவில்லை.

அன்று கண்ணிவெடி வயல் ஒன்றில் காயமுற்றோர் கிடந்தனர். அவர்களை வெளியே கொண்டுவர ஒரு பாதையைத் துப்புரவாக்க வேண்டும். முன்னால் ஒரு லான்ஸ் நாயக், கையில் கண்ணிவெடி உணர்கருவி. அவருக்குப் பின்னால் சுபேதார் சுப்பிரமணியன், துப்புரவான தடத்தை வெள்ளை நாடாவால் குறித்துக்கொண்டு வருகிறார். அவருக்கும் பின்னால் மூவர். (நேசநாட்டுப் படைகளில் அப்போது பரவியிருந்த உணர்கருவி, நாடிழந்து ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கியின் வடிவமைப்பை அடியொற்றியது. அயல்மண்ணில் பிறருடன் சேர்ந்து போரிட்டவர் நிரம்பிய போர் அது.) திடீரென லான்ஸ் நாயக்கின் கால் ஒரு கண்ணிவெடியின் மேல் பட்டது. சிறிய வெடியோசை ஒன்று கேட்டது.

அச்சிறு ஓசை என்ன என்பதைச் சேப்பர் அறிவார். பாராட்டுரை தரும் விவரம், ஜெர்மானியரின் எஸ்-மைன் என்னும் வகையை ஒத்திருக்கிறது. மிதித்தவுடன் அது கொல்வதில்லை. முதலில் ஒரு சிறு வெடி. சுமார் நான்கு நொடி இடைவெளி. பிறகு உருளை மண்ணிலிருந்து ஏறத்தாழ இடுப்பளவு எழும்பி, முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் சிதறடித்து வெடிக்கும். மிதித்தவரை மட்டுமன்றி உடன் வருவோரையும் சேர்த்து வீழ்த்துவதற்கென்றே வகுக்கப்பட்ட கருவி. அந்த நான்கு நொடியில் அறியாதவர் திகைத்து நிற்பார். அறிந்தவர் தரையோடு தரையாகப் படுத்துத் தப்பப் பார்ப்பார். சுப்பிரமணியன் அறிந்தவர். அவர் அந்தக் கண்ணிவெடியின் மேலேயே தாவிப் படுத்தார். வெடிப்பின் முழு வேகத்தையும் தன் உடலில் ஏற்று ஏறக்குறைய அக்கணமே உயிர்விட்டார். லான்ஸ் நாயக் பிழைத்தார். 1944 ஜூன் 30ஆம் நாள் லண்டன் கெஜட்டில் ஜார்ஜ் கிராஸ் அறிவிப்பு வெளிவந்தது.

மொழியியல் படித்தவளாக அந்தத் தடத்தில் நின்ற சொற்களை ஒருமுறை பார்க்காமல் என்னால் கடக்க முடியவில்லை. ‘சுபேதார்’, சூபா என்னும் மாகாணத்தை உடையவர். அரபுச் சொல்லும் பாரசீக விகுதியும் சேர்ந்த முகலாய ஆட்சிப் பதவிப் பெயர். மாகாண ஆளுநரைக் குறித்த சொல், கும்பினிப் படையில் ஒரு கம்பெனியின் இந்திய அலுவலரைக் குறிக்கும் அளவுக்குச் சுருங்கியது. ‘நாயக்’, வடமொழி நாயக. நம் நாயகனுக்கும் நாயக்கருக்கும் உறவு. ‘லான்ஸ்’ என்ற அடைமொழியின் வேர் இத்தாலியம்: ‘லான்சியா ஸ்பெத்சாதா’, முறிந்த ஈட்டி, அதாவது பல போர் கண்ட வீரன். ‘சேப்பர்’ பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதற்கும் பின்னால் இருப்பது இத்தாலியத்து ‘சாப்பா’, மண்வெட்டி. ஆக, இத்தாலியிலிருந்து புறப்பட்ட இரண்டு சொற்கள் பிரான்சையும் இங்கிலாந்தையும் சுற்றி இந்தியா வந்து, தமிழ்ச் சிப்பாயின் தோளில் ஏறி மீண்டும் இத்தாலி சென்றிருக்கின்றன. மதராஸ் சேப்பர்களுக்குப் படைக்குள் வழங்கும் செல்லப்பெயர் மட்டும் நம்முடையது: ‘தம்பி’. மற்ற படையினரும் ஆங்கில அலுவலர்களும் அவர்களை அப்படித்தான் அழைத்தனர்; இன்றும் அப்பெயர் வழக்கில் உள்ளது.

இனி விருதுக்கு வருகிறேன். ஏன் விக்டோரியா கிராஸ் அன்று, ஜார்ஜ் கிராஸ்? வீரத்தின் அளவு குறைந்ததாலா? இல்லை. இரண்டையும் பிரிப்பது அளவு அன்று, எதிரியின் இருப்பு. எதிரியின் முன்னிலையில் காட்டிய தீரத்திற்கு விக்டோரியா கிராஸ். அது இல்லாதபோது, முதன்மையாகக் குடிமக்களுக்கும், போர்க்கள விருது பொருந்தாத சூழலில் படையினருக்கும், ஜார்ஜ் கிராஸ். லண்டன் மீது குண்டு விழுந்த நாட்களில், இடிபாடுகளிலிருந்து மக்களை மீட்டோருக்காகவும் வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்தோருக்காகவும் உருவான விருது அது. மால்டா தீவு முழுமைக்குமாக 1942இல் வழங்கப்பட்டதும் அதுவே.

இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதற்கு மற்றொரு சேப்பர் சான்று. பம்பாய் சேப்பர் பிரிவின் இளம் அலுவலர் பிரேமீந்திர சிங் பகத், 1941 தொடக்கத்தில் அபிசீனிய எல்லையில் நான்கு நாட்கள் ஏறக்குறைய ஓய்வின்றி 55 மைல் நீளத்தில் 15 கண்ணிவெடி வயல்களைத் துப்புரவாக்கினார். அவர் ஏறிச் சென்ற வண்டிகள் வெடியில் சிதறின, செவிப்பறை கிழிந்தது, பதுங்கியிருந்த எதிரியின் சுடுதலுக்கும் ஆளானார். அவருக்கு விக்டோரியா கிராஸ். தகுதியில் எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் வேலை ஒன்றே, கருவி ஒன்றே, புதைத்தவனின் நோக்கமும் ஒன்றே. வேறுபாடு, புதைத்தவன் துப்பாக்கியுடன் அருகில் இருந்தானா, போய்விட்டானா என்பது மட்டும். கண்ணிவெடி என்பதே எதிரி இல்லாதபோதும் எதிரியின் வேலையைச் செய்ய வைக்கப்பட்ட பொருள். அதன் முன் நிற்பவர் எதிரியின் முன்னிலையில் இல்லை என்று சொல்வது விதியின் தர்க்கம். வெடியின் தர்க்கம் அன்று. விருதுக் குழுவை நான் குறை கூறவில்லை, விதிப்படிதான் நடந்தார்கள். சிப்பாய் வீரத்தின் பட்டியலைத் தேடுவோர் முதலில் விக்டோரியா கிராஸ் பெயர்களுக்கே போகிறார்கள். அங்கே தமிழர் இல்லை என்று கண்டதும் பழைய ‘போர்க்குடி’ முடிவு சரிதானோ என்ற எண்ணம் சத்தமின்றி நுழைகிறது. என் மனக்குறை அதுதான்.

நம் பக்கத்து நினைவு மரபு இக்கோட்டை எப்படிப் பார்த்தது? தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த நடுகற்கள் தமிழி எழுத்துப் பொறித்தவை. நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவனின் கல். (அக்கூடலூர் எது என்பது தனி ஆராய்ச்சி. குமுளி மலையடியில் இன்றும் ஒரு கூடலூர் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.) கல்லில் இருப்பவை மூன்றே செய்திகள்: யார், எந்த ஊர், எந்த நிகழ்வு. அடைமொழி இல்லை, புகழுரை இல்லை. சுப்பிரமணியனின் பாராட்டுரையும் ஏறத்தாழ அதே எலும்புக்கூடுதான். இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் கல்லும் கெஜட்டும் ஒரே இலக்கணத்தில் பேசுகின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி முதலாக ஆறு நிலைகளை வகுக்கிறது. ஆநிரை கவர்ந்து பட்டவனுக்கும் கல் உண்டு, மீட்டுப் பட்டவனுக்கும் கல் உண்டு. பிற்காலத்தில் புலியோடு பொருது இறந்தவர்க்குப் புலிக்குத்திக் கல் எழுப்பினர். எதிரே பகைப்படை ஏதுமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பன்றியோடு பொருது இறந்தவர்க்கும் கற்கள் கிடைத்துள்ளன. பிறருக்காக உயிர் கொடுத்தானா என்பதே அம்மரபின் கேள்வி. எதிரில் நின்றது எது என்பது கல்லில் ஒரு விவரம் மட்டுமே, தகுதியை அறுதியிடும் வேலி அன்று. அந்த அளவுகோலில் மின்யானோவின் கண்ணிவெடி ஒரு புலி.

நம் மரபு உயர்ந்தது, அவர்களுடையது தாழ்ந்தது என்று நிறுவ நான் இதை எழுதவில்லை. நடுகல் மரபுக்கும் தன் விலக்கல்கள் உண்டு. யாருக்குக் கல் எழும்பியது, யாருக்கு எழும்பவில்லை என்று கேட்டால் சங்கடமான விடைகளே வரும்.

இறுதியாக, அம்மாணவர் வழியில் கேட்ட இரண்டாவது கேள்வி: “அது நம்ம போரே இல்லையே அக்கா, அதுல செத்தவரை நாம எப்படிக் கொண்டாடுறது?” நியாயமான கேள்வி. 1939 செப்டம்பரில் வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் எவரையும் கலக்காமலே இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அப்போர் முடிவதற்குள் இருபத்தைந்து லட்சம் இந்தியர் அப்படையில் சேர்ந்திருந்தனர். சம்பளத்துக்காகச் சேர்ந்தவர், பசியால் சேர்ந்தவர், குடும்ப வழக்கமாகச் சேர்ந்தவர் எனப் பலர். அதே 1944இல், மலாயாத் தோட்டங்களில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தனர். ஒரே காலத்தில், ஒரே மொழி பேசியவர், எதிரெதிர்ப் படைகளில். இருவரில் யாருடைய போர் ‘நம்முடையது’ என்பதற்கு அரசியல் வரலாறு ஒரு விடை தரும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பிப்ரவரி 24ஆம் நாள் அந்தத் தடத்தில் பேரரசு இல்லை, பாசிசம் இல்லை, காசினோ மடாலயமும் இல்லை. முன்னால் ஒருவர், பின்னால் மூவர், வயலுக்குள் காயம்பட்டுக் கிடந்த சிலர். நான்கு நொடி. போர் யாருடையது என்ற கேள்விக்கு அந்த நான்கு நொடியில் இடமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு விதமாக வாசிப்போர் வாதிடலாம், கேட்க அணியமாக இருக்கிறேன்.

இன்னொன்று. பாராட்டுரையில் சுப்பிரமணியனுக்குப் பெயர் இருக்கிறது. அவர் காப்பாற்றிய மனிதர் அதில் ஒரு தரப்பெயராக மட்டும் நிற்கிறார்: லான்ஸ் நாயக். மண்ணை மிதித்தவர் அவர்தான். அந்தச் சிறிய ஓசையை முதலில் கேட்டவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்.